வாயுவுக்கு ஒரு சோடா

மார்கழி மாசம், ராத்திரி எட்டரை மணி இருக்கும். எங்க மாமா ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுத் திண்ணையில வந்து உக்காந்தார். நெஞ்சுக்குழியில ஏதோ அடைச்ச மாதிரி இருக்குன்னார். மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பு. அப்புறம் யோசிக்க என்ன இருக்கு? “வாயுதான் மாமா”ன்னு தீர்ப்பு சொன்னது நான்தான். பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியாந்து, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுத்தேன். நல்லா நீளமா ஒரு ஏப்பம் விட்டார். வீடே நிம்மதியாச்சு. அத்தை பாயை விரிச்சாங்க.

ஒண்ணு மட்டும் இன்னைக்கும் கண்ணுல நிக்குது. அன்னைக்கு நல்ல பனி. நாங்க எல்லாரும் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். மாமாவோட பனியன் மட்டும் நனைஞ்சு முதுகோட ஒட்டியிருந்தது. பார்த்தேன். பார்த்துட்டு, “சூடா சாப்பிட்டாரு, வேர்க்குது”ன்னு அதுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன்.

ராத்திரி முழுக்க அவர் படுக்கலை, சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்தார். விடியக்காத்தால நாலு மணிக்கு வாந்தி. அஞ்சரைக்குத்தான் 108-ஐக் கூப்பிட்டோம். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்ததும் டாக்டர் முதல்ல கேட்டது, என்ன சாப்பிட்டாருன்னு இல்லை. “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?”

அத்தை “காலையில நாலு மணிக்கு”ன்னாங்க. நான் “நேத்து ராத்திரி எட்டரை”ன்னேன். படுத்திருந்த மாமா ரொம்ப மெல்லமாச் சொன்னார்: “ரெண்டு நாளாவே ஏணி ஏறும்போதெல்லாம் தாடை இழுக்குது சார். இறங்கி நின்னா சரியாப் போயிடும்.” அவர் பெயிண்டர். பொங்கலுக்கு முன்னாடி வர்ற மாசம்தான் அவங்களுக்கு சீசன். தாடை இழுக்குதுன்னு எந்தப் பெயிண்டர் மார்கழியில வேலையை நிறுத்துவான்?

பிழைச்சுக்கிட்டார். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா நீங்க கடைசி வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க. ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாங்க. ஆனா ரத்தம் கிடைக்காம அத்தனை மணி நேரம் கிடந்த இதயத் தசை திரும்ப வளராது. இப்ப மாமா கீழே நின்னு கலர் கலக்கிக் கொடுக்கறார். ஏணி ஏறுறது பையன்.

இந்த எழுத்து அந்த சோடாவுக்கான பிராயச்சித்தம்னு வெச்சுக்குங்க.

நான் டாக்டர் இல்லை. கீழ்பென்னாத்தூர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவுல இருக்கற ஊர் எங்களுது. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, வந்தவங்க, இன்சூரன்சுக்கு எழுதிப் போடறவங்க எல்லாரும் மஞ்சப்பையைப் பிரிச்சு ரேஷன் கார்டு, ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரின்னு என் மேசையில பரப்புவாங்க. அடுத்தவங்க காகிதத்தைப் படிக்கறது தப்புதான். பதினஞ்சு வருஷமா மெஷின் முன்னாடி நிக்கறவன் கண்ணு என்ன பண்ணும்? பேரைப் பார்க்க மாட்டேன். ஆனா மேல நாலாவது அஞ்சாவது வரியில, என்ன தொந்தரவு, எத்தனை நாளான்னு எழுதியிருப்பாங்களே, அங்கதான் போய் நிக்கும். காய்ச்சல், ஒன்பது நாளா. இருமல், மூணு மாசமா. கால் புண், நாற்பது நாளா.

அந்த நாளெல்லாம் இவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். ஏன்னா நானும் அதைத்தான் பண்ணினேன். ஒரு பேர் வெச்சாங்க. வாயு, சூடு, அசதி, பித்தம், தண்ணி மாறினது, கண்ணு பட்டது. நம்ம ஜனங்களுக்கு அறிகுறி தெரியாம இல்லை. உடம்புல என்ன நடந்தாலும் அதுக்கு மடியில தயாரா ஒரு பேர் வெச்சிருக்கோம், அதுதான் வம்பு. பேர் வெச்சதும் வாசலும் முடிவாயிடுது. வாயுன்னா சோடாக்கடை. சூடுன்னா விளக்கெண்ணெய். கண்ணு பட்டதுன்னா உப்பு மிளகாய்.

சரி, நெஞ்சுக்கு வர்றேன். சினிமாவுல மாரடைப்புன்னா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சோபாவுல சாயுவாங்க. நிஜத்துல பல பேருக்கு வலின்னு சொல்ற மாதிரியே இருக்காது. பாரமா, அழுத்தமா, இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும். நெஞ்சுக்குழி, தாடை, தோள், இடது கை, சில பேருக்கு ரெண்டு கையும், நடு முதுகுன்னு எங்க வேணா இருக்கும். சர்க்கரை உள்ளவங்க, பொம்பளைங்க, வயசானவங்க இவங்களுக்கு நெஞ்சுல ஒண்ணுமே தெரியாம வெறும் மூச்சு வாங்கல், வாந்தி, சொல்லத் தெரியாத ஒரு களைப்புன்னு வந்து நிக்கலாம். இதோட சில்லுன்னு வேர்வை சேர்ந்துச்சுன்னா சோடாவைக் கீழே வைங்க. நடந்தா வருது, நின்னா போகுதுன்னா அதுவும் அவசரம்தான். மாமாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எச்சரிக்கை மணி அடிச்சிருக்கு, ஏணி மேல.

ஏப்பம் வந்தா வாயுதான்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பெரிய மோசம். சோடா குடிச்சா யாருக்கும் ஏப்பம் வரும். மாரடைப்பு வந்தவனுக்கும் வரும்.

2023 ஜூன்ல தமிழ்நாட்டுல “இதயம் காப்போம்”னு ஒரு திட்டம் வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரையைத் தயாரா வெச்சிருக்கணும். மொத்தம் 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதல் ரெண்டும் ரத்தக்கட்டி மேல மேல வளராம தடுக்கறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நேரம் வாங்கிக் கொடுக்குது, அவ்வளவுதான். அதைக் கொடுத்துட்டு 108-ல ஏத்தி அனுப்புவாங்க. இதைப் படிச்சுட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புல 14 மாத்திரை வாங்கி பீரோவுல வைக்காதீங்க. வயித்துல புண்ணு இருக்கறவங்களுக்கும், மூளையில ரத்தம் கசியறவங்களுக்கும் அதே மாத்திரை ஆளையே கொல்லலாம். கொடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்கறதுக்குத்தான் அங்க ஆள் இருக்காங்க.

மூளைன்னதும் பக்கவாதம் ஞாபகம் வருது. இங்க அதுக்குப் பாரிச வாயுன்னு பேரு. பாருங்க, இங்கயும் வாயு வந்துடுச்சு. ஒரு பக்கம் வாய் கோணுது, கையைத் தூக்கச் சொன்னா ஒரு கை கீழே விழுது, பேச்சு குழறுது. இதுல ஒண்ணு இருந்தாலும் மணியைப் பாருங்க, பார்த்துட்டுக் கிளம்புங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதுவும் ஸ்கேன் எடுத்து, கட்டியா கசிவான்னு பார்த்த பிறகுதான் போடுவாங்க. அதனால ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேராப் போறதுதான் லாபம். நம்ம பக்கம் இப்பவும் புறா ரத்தம் தடவ ஆள் தேடற குடும்பம் உண்டு. அந்தப் புறாவைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ளயே கெடு முடிஞ்சுடும். இன்னொண்ணு, வாய் கோணினவங்களுக்குத் தண்ணியோ காப்பியோ கொடுக்காதீங்க. விழுங்கற சக்தி போயிருக்கலாம், நேரா நுரையீரலுக்குப் போயிடும். பத்து நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சுன்னா? அப்பவும் போகணும். அது முன்னோட்டம்.

இனி காய்ச்சல். இதுலதான் எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு தனிக்கதை இருக்கு.

எங்க எதிர்வீட்டு அக்கா மூணு ஆடு வெச்சிருக்காங்க. நூறு நாள் வேலைக்கும் போவாங்க. ஒரு ஐப்பசியில காய்ச்சல் வந்துச்சு. தலை பிளக்குதும்பாங்க, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்பாங்க. ஒரு இடத்துல ஊசி போட்டாங்க. சாயங்காலம் இறங்கும், ராத்திரி ஏறும். மறுநாளும் ஊசி. அதுக்கு மறுநாள் டைபாய்டுன்னு யாரோ சொல்லி வேற மாத்திரை. எட்டாம் நாள் இருமலும் மூச்சு வாங்கறதும் சேர்ந்துடுச்சு. அப்புறம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க ஒரு நர்ஸ், வயசு முப்பது கூட இருக்காது, அக்காவை ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்புன்னு பார்த்திருக்காங்க. பாவாடை நாடா கட்டற இடத்துல கருப்பா ஒரு பொருக்கு. பீடி நெருப்புல சுட்ட மாதிரி, சுத்தி ஒரு சிவப்பு வளையம். “இது என்னம்மா?”

“அதுவா, நாடா உராய்ஞ்ச புண்ணு. வலிக்கவே இல்லை.”

வலிக்காததுதான் அதோட அடையாளம். உண்ணிக் காய்ச்சல், டாக்டருங்க ஸ்க்ரப் டைபஸ்ங்கறாங்க. பேர்ல உண்ணின்னு இருந்தாலும் ஆட்டுல தொங்குற உண்ணி இல்லை இது. புதர்லயும் வரப்போரப் புல்லுலயும் இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு கடிக்கறதால வருது. மழையும் பனியும் சேர்ந்த மாசங்கள்ல அதிகம். 2025 தொடக்கத்துல பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டப்ப, அந்தப் பட்டியல்ல வேலூர், ராணிப்பேட்டையோட எங்க திருவண்ணாமலையும் இருந்துச்சு. பொருக்கு எல்லாருக்கும் இருக்கறதில்லை. இருந்தாலும் துணி மறைச்ச இடமாப் பார்த்து உக்காந்திருக்கும். ஆம்பளை டாக்டர்கிட்ட அக்கா அதைக் காட்டப் போறதில்லை, அவரும் கேட்கப் போறதில்லை.

இதுக்கு டாக்ஸிசைக்ளின்னு ஒரு பழைய, மலிவான மாத்திரை இருக்கு. நேரத்துக்குக் கொடுத்தா ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் நிக்கும். விட்டுட்டா ரெண்டாவது வாரம் நுரையீரல், சிறுநீரகம், மூளைன்னு ஒவ்வொண்ணா இழுக்கும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி முன்னின்னு, நாட்டுல ஏழு மருத்துவமனைகள்ல கிட்டத்தட்ட 800 நோயாளிங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. நோய் முத்தினவங்களுக்கு டாக்ஸிசைக்ளினோட அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியா ஏத்தினா, தனித்தனியாக் கொடுக்கறதை விட நல்லா கேக்குதுன்னு 2023-ல அதோட முடிவு வந்துச்சு. எங்க வரப்புல கடிக்கற பூச்சியைப் பத்தி உலகம் பூரா படிக்கற விஷயத்தை எண்பது கிலோமீட்டர் தள்ளி கண்டுபிடிச்சிருக்காங்க. இங்க நாம தினம் ஒரு ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம்.

அக்கா அஞ்சு நாள் படுக்கையில இருந்து எழுந்தாங்க. ஆடு மேய்க்கப் போயிட்டு வந்ததும் இப்ப முதல் வேலை குளியல், புடவையை மாத்தறது.

காய்ச்சல்னா நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: மூணு நாள் தாண்டினா ரத்தம் பார்க்கணும், ஊசி பார்க்கக் கூடாது. டெங்குவுல இன்னொரு ஏமாத்து வேலை உண்டு. காய்ச்சல் விட்டதும் ஆள் தேறிட்டான்னு நினைப்போம். ஆனா ஆபத்து ஆரம்பிக்கறதே அப்பதான். காய்ச்சல் இறங்கின ஒண்ணு ரெண்டு நாள்ல விடாம வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லிப்பு, ஆள் சோர்ந்து சுருண்டு படுக்கறதுன்னு வந்தா மறுபடியும் ஓடணும்.

சர்க்கரையைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. இந்தியாவுல 10 கோடி பேருக்கு மேல இருக்குன்னு 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுச்சு. அதிக தாகம், ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கறது, சாப்பிட்டும் இளைக்கறது, ஆறாத புண்ணு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது கிரிவலத்தைப் பத்தி.

பௌர்ணமிக்கு எங்க ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சுத் திருவண்ணாமலை போய் மலையைச் சுத்தறவங்க நிறைய. 14 கிலோமீட்டர், வெறுங்கால். என் கடைக்குப் பக்கத்துல பூ கட்டுற அம்மா பல வருஷமா ஒரு பௌர்ணமி விட்டதில்லை. ஒரு தடவை சுத்திட்டு வந்து காலையில வழக்கம் போல பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. பேத்திதான் கத்தினா, “பாட்டி, தரையெல்லாம் ரத்தம்!” காலைத் தூக்கிப் பார்த்தா, பெருவிரலுக்குக் கீழே ஒரு ஜல்லித் துண்டு, புளியங்கொட்டை அளவு, உள்ளே இறங்கி உக்காந்திருக்கு. எத்தனை கிலோமீட்டர் அதோட நடந்தாங்களோ. “அருணாசலேஸ்வரர் புண்ணியம், வலியே தெரியலை”ன்னாங்க.

எனக்குத் திக்குன்னு ஆச்சு. சாமி விஷயத்துல நான் வாயைத் திறக்கறதில்லை, வீட்டுல அடி விழும். ஆனா வலி தெரியாதது சர்க்கரை நரம்பைத் தின்னதால. அதுக்கு முன்னாடியே அவங்க சொல்லியிருக்காங்க, செருப்பு காலைவிட்டுக் கழண்டு போனா கூடத் தெரியறதில்லை, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குன்னு. நானும் “வயசாச்சில்லைம்மா”ன்னு பேர் வெச்சு அனுப்பியிருக்கேன். அந்தக் கால் ஆற மூணு மாசம் ஆச்சு. விரல் தப்பிச்சது. இப்பவும் கிரிவலம் போறாங்க. டாக்டர்கிட்ட சண்டை போட்டு, கடைசியில துணி சாக்ஸ் போட்டுக்கிட்டு நடக்கறதுன்னு ஒரு ஒப்பந்தம். அவர் செருப்புதான் கேட்டார், இவங்க சாக்சுக்குத்தான் மசிஞ்சாங்க. வீட்டுக்கு வந்ததும் பேத்தி டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பார்ப்பா.

இவங்களுக்கு சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. “மக்களைத் தேடி மருத்துவம்” 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சது. பெண் தன்னார்வலருங்க வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துட்டுப் போவாங்க. பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாதுங்கறதை இங்க சொல்லணும். தலைவலி வந்தாதான் பிரஷர், இல்லைன்னா இல்லைங்கறது நாமளா கட்டின கதை. பட்டையைச் சுத்திப் பார்த்தாதான் தெரியும். நல்லாதானே இருக்கேன்னு மாத்திரையை நிறுத்தினவங்க காகிதத்தைத்தான் நான் பக்கவாத கேஸ்ல ஜெராக்ஸ் எடுக்கறேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறதுன்னா சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்துல சொன்னா காசில்லாம பார்த்துடுவாங்க, மருந்தும் இலவசம். காசநோய்க்கு சானடோரியத்துல வருஷக்கணக்கா கிடக்க வேண்டாம், வீட்டுலயே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம்னு உலகத்துக்கு நிரூபிச்சதே 1956-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையம்தான். புகையிலை போடறவங்களுக்கு வாய்ப்புண்ணு மூணு வாரத்துல ஆறலைன்னா காட்டணும். மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மார்புல வலியில்லாத கட்டின்னாலும் பொம்பளைங்க காட்டணும். இதையெல்லாம் “சூடு”ன்னு சொல்லி மோர் குடிச்சுக்கிட்டு இருந்தவங்க காகிதம் என் மெஷின்ல போயிருக்கு. அதைப் பத்தி அதிகம் எழுத மனசு வரலை.

பாம்பு. அறிகுறின்னு எழுதறப்ப பாம்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்கலாம். வேர்க்கடலை விளையற ஊர்ல இருந்தா கேட்க மாட்டீங்க. நாகமோ கண்ணாடிவிரியனோ கடிச்சா வலி, வீக்கம்னு தெரிஞ்சுடும். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி, தரையில படுத்திருக்கறப்ப கடிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியக்காத்தால வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க. உடனே நாம என்ன சொல்வோம்? அதேதான், வாயு. கொஞ்ச நேரத்துல இமை ரெண்டும் தூக்க முடியாம தொங்கும், பேச்சு மூக்கால வரும், அப்புறம் மூச்சு. தரையில படுத்தவங்களுக்கு விடியக்காத்தால திடீர்னு வயித்து வலியோட இமை சரிஞ்சா பாம்பைத் தேடாதீங்க, 108-ஐத் தேடுங்க. கட்டுப் போடறது, கீறறது, பச்சிலை எல்லாம் வேண்டாம். விஷமுறிவு மருந்து ஒண்ணுதான் வைத்தியம். அந்த மருந்து செய்யறதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கறவங்கள்ல முக்கியமானவங்க வடநெம்மேலியில இருக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978-லேர்ந்து. எங்க பக்கத்துலயும் இருளர் குடியிருப்பு உண்டு. அவங்களை ஜனங்க நடத்துற விதம் வேற கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

எந்த வாசல்னு கேட்டீங்கன்னா, எங்க ஊர் ஆளுங்கள்ல ரெண்டு ரகம். ஒரு ரகம் எதுக்குமே போகாது. இன்னொரு ரகம் தும்மினாலும் வேலூர் பஸ் ஏறும். சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரிதான், ஐடா ஸ்கடர் 1900-ல ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சு இந்த அளவுக்கு வந்தது. புதுச்சேரி ஜிப்மரும் பெரிய ஆஸ்பத்திரிதான். ஆனா நாள்பட்ட, புரியாத வியாதிக்கு அங்க போகலாம். நெஞ்சடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் “வேலூருக்கே போயிடலாம்”னு காருக்குச் சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் உக்காந்திருக்கறது தப்புக் கணக்கு. முதல்ல கிட்டத்துல இருக்கறது, பக்கவாதம்னா கிட்டத்துல ஸ்கேன் இருக்கறது, அங்கேர்ந்து அவங்க அனுப்பற இடம். 108 இங்க 2008-லேர்ந்து ஓடுது, காசு கிடையாது. வண்டியிலயே ஆக்சிஜன் இருக்கு, ஆள் இருக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு அவங்களுக்குத் தெரியும். ஷேர் ஆட்டோவுல நடுவுல திணிச்சு உக்கார வெச்சுக் கொண்டு போன நெஞ்சுவலிக்காரரைப் பார்த்திருக்கேன். அவசரமில்லாத சந்தேகம்னா 104-க்கு போன் பண்ணிக் கேளுங்க. தூக்கம் இல்லாம, யாரோடயும் பேசாம, வாழ்ந்து என்னன்னு புலம்பறவங்க இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க. “மனசு சரியில்லை”ன்னு சொல்றதும் ஒரு அறிகுறிதான். அதுக்கும் நாம “திமிரு”ன்னு ஒரு பேர் வெச்சிருக்கோம்.

என் தொழில்லேர்ந்து ரெண்டு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நல்லா இருக்கறப்பவே எடுத்து வைங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல பதிஞ்சுக்கலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும். ஆள் ஐ.சி.யூ.வுல கிடக்கறப்ப பையன் சான்றிதழுக்கு அலையறது இருக்கே, அதைப் பார்க்கவே முடியாது. மாமாவுக்கு நல்லவேளையா கார்டு இருந்துச்சு. அத்தைதான் சண்டை போட்டு எடுத்து வெச்சது, நான் இல்லை.

ரெண்டாவது, ஈ.சி.ஜி. பேப்பர். அது பஸ் டிக்கெட் மாதிரி சூட்டுல அச்சாகற பேப்பர். வெயில் பட்டா, பிளாஸ்டிக் கவர்ல கிடந்தா, ஒண்ணு ரெண்டு வருஷத்துல வெள்ளையாயிடும். பழைய ஈ.சி.ஜி. கையில இருந்தா புதுசோட வெச்சு என்ன மாறியிருக்குன்னு டாக்டர் உடனே சொல்லிடுவார். எடுத்த அன்னைக்கே ஒரு காப்பி போட்டுடுங்க. என் கடையிலதான்னு இல்லை, எங்கயாவது.

போன மாசம் மாமா கடையில வந்து ஃபேனுக்குக் கீழே உக்காந்திருந்தார். தினமும் வருவார், பேப்பர் படிக்கறேன்னு. அப்ப பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறை ஆள் ஒருத்தர் நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே வந்தார்.

“ண்ணா, பக்கத்துக் கடையில சோடா கீதா? ஒரே வாயு.”

மாமா பேப்பரை மடிச்சார். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?”

“என்னா மாமா, மணி பாத்தா வலிக்குது? காலையில பூரி துன்னேன்.”

“பூரி கிடக்கட்டும். எத்தனை மணி?”

அவர் விடலை. வேர்க்குதான்னு கழுத்துல கை வெச்சுப் பார்த்தார். வெல்டிங் பட்டறைக்காரனுக்கு வேர்க்காம என்ன பண்ணும்? என்னைக் கடையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, இல்லை, அது என் கடைதான், ஏதோ சொல்லிட்டு, அந்த ஆளைக் கையைப் பிடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனார். ஒண்ணரை மணி நேரம் கழிச்சு ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. ஈ.சி.ஜி. சுத்தமா இருந்துச்சாம். வாயுவேதான். அந்த ஆள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தார், ஒரு கேட் வேலை பாதியில நிக்குதாம்.

ஆனா பேப்பரை மட்டும் என்கிட்ட நீட்டினார், “ரெண்டு காப்பி போடுங்கண்ணா.” காசு மாமா கொடுத்தார். சோடாவுக்கும் அவர்தான் கொடுத்தார்.